கோடு விழாத நடுத்தட்டு

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் ராஜாத்தி சுடும் கேக்கை, மாவு கலக்கும்போது அவள் யார் யாரை நினைத்தாளோ அவர்கள் மட்டுமே சாப்பிட முடியும். பன்னிரண்டு பேரை நினைத்துக் கலக்கினால், வெந்து சூடு ஆறும்போது மேலே மெல்லிய கோடுகள் தாமாக விழுந்து பன்னிரண்டு துண்டாகப் பிரியும். பதின்மூன்றாவது துண்டு வேண்டுமென்றால் எந்தக் கத்தியும் இறங்காது. ஒருமுறை மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் ஆசைப்பட்டுக் கேட்டார். இல்லையென்று சொல்ல மனசில்லாமல் ராஜாத்தி அழுத்தியதில் கத்திதான் வளைந்தது. அவருக்கு முறுக்கு கொடுத்து அனுப்பினார்கள். கத்தி ஒருமுறை பட்டுவிட்ட கேக்கில் ஒருவர் பங்கை இன்னொருவர் எடுக்கவும் முடியாது. இரண்டாவது மாடி யாசின், தன் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கை வெட்டிய நேரத்தில் தம்மாமுக்கு விமானம் ஏறியிருந்தான். அவன் துண்டு தட்டோடு ஃபிரிட்ஜில் பதினோரு மாதம் இருந்தது. கெடவில்லை, தட்டை விட்டு நகரவும் இல்லை. அவன் மனைவி சைமா அதைச் சுற்றியே பால் பாக்கெட்டும் மீனும் வைத்துப் பழகிக்கொண்டாள். லீவில் வந்தவன் பெட்டியைக்கூடத் திறக்காமல் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இனிப்பு கொஞ்சம் கம்மி என்றான்.

இதை அந்த பிளாக்கில் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தண்ணீர் காலை ஐந்தரைக்கு வரும், மூன்றாவது மாடி லைட் எரியாது, ராஜாத்தி கேக் ஆள் பார்க்கும் என்று புதிதாகக் குடிவருகிறவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன் அவள் வண்ணாரப்பேட்டையில் ஒரு பேக்கரியில் தட்டுகளுக்கு நெய் தடவும் வேலை பார்த்தவள். மாவைத் தொட விட்டதில்லை, பார்த்தே கற்றுக்கொண்டாள். முதலில் குக்கரில் மணல் போட்டுச் சுட்டாள், பிறகு ஓவன் வந்தது. ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் எத்தனை கிலோ என்று சொல்ல மாட்டார்கள். யார் யார் வருவார்கள் என்று பெயரைச் சொல்லி, முகம் தெரிய போனில் போட்டோ காட்டுவார்கள். பெயர் கூடிக் கேக் சிறிதானால் துண்டு பொட்டுக்கடலை அளவுக்குச் சுருங்கிவிடும்; பெயர் குறைந்து கேக் பெரிதானால் செங்கல் மாதிரி வந்து நிற்கும். ஆகவே அளவு போடுவதில்தான் எல்லாம் இருந்தது. அளவு போடுகிறவன் அவள் வீட்டுக்காரன் ஜெயவேல்.

ஜெயவேல் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் இருபத்தாறு வருடமாக மூட்டை இறக்குகிறவன். மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை அங்கே அட்டி போடுவது என்பார்கள். ஜெயவேல் போட்ட அட்டி எதுவும் சாய்ந்ததில்லை. உள்ளங்கையை அடியில் கொடுத்தால் எடையை அரைக்கிலோ பிசகாமல் சொல்லுவான். எழுத்து மட்டும் நாற்பத்தோராவது வயதில்தான் வந்தது, யூனியன் ஷெட்டில் சாப்பாட்டு இடைவேளையில் நடந்த வகுப்பில், சோற்றுக்கையைக் கழுவிவிட்டுச் சிலேட்டைப் பிடித்து. அதுவரைக்கும் மூட்டை மேலிருந்த எழுத்தெல்லாம் அவனுக்கு வெறும் கறை. பிறகு எதைத் தூக்கினாலும் படித்துவிட்டுத்தான் தூக்கினான். அதற்குப் பிடிக்கும் அந்த ஒரு நொடியைக் கூட வேலை செய்கிறவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

கூட வேலை செய்கிறவர்கள் என்றால் ஏழாம் நம்பர் கேங். ஒரு கேங்குக்குப் பதினாலு பேர். மேஸ்திரி சௌக்கத் அலி. யார்டில் யாரும் ஆளை எண்ணுவதில்லை, கேங்கைத்தான் எண்ணுவார்கள். இந்த கன்டெய்னருக்கு ஒரு கேங், அந்த லாரிக்கு ரெண்டு கேங் என்பதுதான் அங்கே பேச்சு. கேட்டில் பதினாலு பேருக்கும் ஒரே பாஸ். ஒருவன் லீவு போட்டால் மாற்றாள் வந்து அவன் இடத்தில் நிற்பான். அப்போதும் அது ஒரு கேங்தான். இருபத்தாறு வருடம் அப்படி எண்ணப்பட்டு எண்ணப்பட்டு, ஜெயவேலும் அப்படியே எண்ணத் தொடங்கியிருந்தான். அது அவனுக்கே தெரியாது.

அவர்களுடைய ஒரே மகள் மகிழினிக்கு மாதவரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் பெயர் பீம்ராவ், பால் பண்ணையில் வேலை. நிச்சயதார்த்தம் மாதவரத்தில் பையன் வீட்டில் நடந்தது. கடையில் வாங்கிய கேக்கை வெட்டி முன்வரிசையிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்தார்கள். ஏழாம் நம்பர் கேங் ஷிப்ட் முடிந்து நேராக வந்து, தெருக்குழாயில் கைகால் கழுவிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது. கேக் அங்கே வருவதற்குள் தீர்ந்துவிட்டது. காலி அட்டையை மடித்துக்கொண்டிருந்த பையனின் தாய்மாமன் டில்லிபாபு, "லேட்டா வந்தா இப்டித்தாம்பா. அடுத்தவாட்டி முன்னாடி வந்து குந்துங்கோ" என்று சிரித்தார். சௌக்கத் அலி, "பரவால்லபா, எங்களுக்கு சக்கர ஆவாது" என்று கழுவிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை நோய் எதுவும் கிடையாது என்று ராஜாத்திக்குத் தெரியும். அன்று ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவன் ஒர்த்தன்கூட வெறுங்கையா போவக்கூடாது. கேக் நம்ம வூட்ல. அளவ நீ போடு."

ஜெயவேல் அளவு போட்டான். நாள்காட்டித் தாள்களின் முதுகில், மூன்று வாரம். முதலில் பெயர்கள். மகிழினி தட்டச்சு செய்து தருகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணப் பட்டியலை அப்பன் எழுதினான் என்று இருக்கட்டும் என்றான். ஒரு பெயருக்கு ஒரு வரி. கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தான். மாதவரத்துப் பெயர்களுக்குப் போனில் போட்டோக்கள் வந்தன. ராஜாத்தி அடுப்படியில் உட்கார்ந்து முகங்களை மனப்பாடம் செய்தாள். ஒரு கிழவருக்கு இளமைக்காலப் போட்டோவை அனுப்பிவிட்டார்கள். அவள் கண்டுபிடித்துத் திருப்பிக் கேட்டாள். இல்லாவிட்டால் அந்தத் துண்டு முப்பது வருடத்துக்கு முன்னால் இருந்த ஆளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். முடிவில் முந்நூற்று இருபத்தாறு வரி வந்தது. முந்நூற்று இருபத்தாறாவது வரியில் ஜெயவேல், ஏழாம் நம்பர் கேங் என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டான். எல்லாரையும்விட அவர்களை ஞாபகமாக எழுதிவிட்டோம் என்று அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

அடுத்தது உருவம். மகிழினி போனில் வட்டமான கேக்குகளைக் காட்டினாள். தூண் வைத்தது, பொம்மை வைத்தது, நீரூற்று வைத்தது.

"வட்டத்துல அட்டி நிக்காதும்மா. சதுரம்தான்" என்றான் ஜெயவேல்.

"இது கோடவுன் இல்ல நைனா, கல்யாணம்."

"கல்யாணம்னா சாயலாமா?"

ஓவனில் பத்து இஞ்ச் தட்டுக்கு மேல் நுழையாது. ஒரு தட்டுக்கு ரெண்டு இஞ்ச் சதுரமாக இருபத்தைந்து துண்டு. முந்நூற்று இருபத்தைந்து பேருக்குப் பதின்மூன்று தட்டு கச்சிதமாக வந்தது. கடைசி ஒரு வரிக்காக இன்னொரு தட்டு வேண்டியிருந்தது. அந்தப் பதினாலுதான் அவனுக்குப் பிடித்தது. அடியில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தட்டு, அதன்மேல் ரெண்டுக்கு ரெண்டாக நாலு, உச்சியில் ஒன்று. ஒன்பதும் நாலும் ஒன்றும் பதினாலு. மேலடுக்கை நட்டநடுவில் வைத்தால் கீழ்த்தட்டுகளின் இணைப்பின்மேல் மேல்தட்டுகளின் இணைப்பு விழாது. நாலு தட்டும் கூடுகிற மூலை, அடியடுக்கின் நடுத்தட்டு நெஞ்சில் வந்து உட்காரும். மூட்டை அடுக்குகிற எவனும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்ளும் அட்டி அது. அவன் அதை வரைந்து சுவரில் ஒட்டினான். பிளாக்கில் இருந்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஜெயவேலு எழுத மட்டுமில்லை, வரையவும் செய்வான் என்று அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

பத்திரிகை கொடுக்க வந்த டில்லிபாபுவும் பார்த்தார். "சம்பந்தி, எங்க பக்கம் நமக்குத் தெரிஞ்ச பேக்கரி கீது. மூனு அடுக்கு, லைட்டெல்லாம் போட்டுத் தருவான். வூட்டு கேக்கு போட்டோல நல்லா விழாதுபா."

"போட்டோவுக்குப் பசிக்காதுங்க" என்றான் ஜெயவேல். டில்லிபாபு தேநீரைக் குடித்துவிட்டு, சுவரிலிருந்த படத்தை இன்னொருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

சுடுவதற்கு மூன்று பகல் பிடித்தது. ராஜாத்தி கலக்கினாள், ஜெயவேல் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தான். ஒரு தட்டுக்கு இருபத்தைந்து பெயர். சத்தமாக, நிதானமாக, பாடம் ஒப்பிப்பவன் மாதிரி. ஒவ்வொரு பெயருக்கும் அவள் கரண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஆச்சு" என்பாள். கதவு திறந்தே இருந்ததால் படிக்கட்டில் போகிறவர்கள் தங்கள் பெயர் வருகிறதா என்று நின்று கேட்டுவிட்டு நடந்தார்கள். பதின்மூன்று தட்டுகளும் ஆறியபோது தலைக்கொன்றாகக் கோடுகள் சுத்தமாக விழுந்தன. பதினாலாவது தட்டுக்கு ஒரே ஒரு வரிதான் பாக்கி. ஜெயவேல் வாசித்தான். ராஜாத்தி கரண்டியை நிறுத்தி ஒரு கணம் யோசித்தாள், பிறகு ஒரே சுற்று, மற்றதைவிடக் கொஞ்சம் பெரிய சுற்று.

அந்தத் தட்டில் கோடு விழவில்லை. மறுநாள் மதியம் வரை பார்த்தார்கள். வழவழவென்று சிமென்ட் பூசிய தரை மாதிரி இருந்தது.

"இன்னாய்யா இது, ஊமையாக் கீது" என்றாள் ராஜாத்தி. "வேற சுட்டுடலாமா?"

ஜெயவேல் உள்ளங்கையை அடியில் கொடுத்துப் பார்த்தான். மற்றத் தட்டுகளின் எடைதான். "வுடு. இத நடுவுல வெச்சிரு. நடுவுல கெட்டியா ஒன்னு இருந்தா அட்டி அசையாது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பதினாலு தட்டையும் குட்டியானை வண்டியில் கொண்டுபோய், மண்டபத்து மேசைமேல் ஒட்டுப்பலகை போட்டு ஜெயவேலே அடுக்கினான். ராஜாத்தி க்ரீம் பூசினாள். வெள்ளை உடுத்திய பெண்ணும் மாப்பிள்ளையும் பௌத்த முறையில் பஞ்சசீலம் சொல்லி மாலை மாற்றிக்கொண்டு, பதினோரு மணிக்குக் கத்தியை வைத்தார்கள். கேக் ஒரு மயிரிழைகூடச் சாய்ந்திருக்கவில்லை. மாதவரத்துக்காரர்கள் சுற்றி நின்று போனில் படம் பிடித்தார்கள். அவரவர் துண்டு அவரவர் கைக்கு இலேசாக வந்தது. எங்கள் பக்கத்து கேக்கும் இப்படி வந்தால் பந்தியில் சண்டை இருக்காது என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதை ராஜாத்தி காதில் வாங்காதவள்போல் வாங்கிக்கொண்டாள். உச்சி தீர்ந்தது, நடுவடுக்கு தீர்ந்தது, அடியடுக்கின் எட்டுத் தட்டும் தீர்ந்தன. முந்நூற்று இருபத்தைந்து பேரும் சாப்பிட்டுவிட்டார்கள். பலகை நடுவில் அந்த ஒரு தட்டு மட்டும் வெள்ளைப் பெட்டி மாதிரி நின்றது. ஜெயவேல் இன்னும் சாப்பிடவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பெண்ணின் அப்பன் அன்று எதையும் கவனித்துச் சாப்பிடுகிறவன் அல்ல.

ஏழாம் நம்பர் கேங்குக்கு அன்று காலை அவசரமாக ஒரு கன்டெய்னர் வந்திருந்தது. ஒரு மணி சுமாருக்குப் பதின்மூன்று பேரும் வந்தார்கள். ஜெயவேலுக்குப் பதிலாக நின்ற மாற்றாள் தன் வீட்டுக்குப் போய்விட்டான். கிழங்கு மாவு இறக்கியிருப்பார்கள் போல. குளித்தும் காதோரமும் புருவமும் வெள்ளையாக இருந்தது. வந்தவர்கள் பழக்கம் விடாமல் கடைசி வரிசைக்குப் போனார்கள். ராஜாத்தி ஓடிப்போய் சௌக்கத் அலியின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக முன்னால் கூட்டிவந்து, கத்தியை எடுத்து நடுத்தட்டில் வைத்தாள். இறங்கவில்லை. இன்னொரு கத்தி வந்தது. அதுவும் இறங்கவில்லை. சௌக்கத் அலியின் பங்காக இருக்கும் என்று அவரையே எடுக்கச் சொன்னாள். அவர் ரெண்டு கையையும் கொடுத்துப் பார்த்தார், அசையவில்லை. ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஆள் கிட்டே வர வர மேசை முனகியது. நாலு காலும் மொசைக் தரைக்குள் மெதுவாக இறங்கத் தொடங்கின.

டில்லிபாபு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் முயன்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "இன்னா சம்பந்தி, இவ்ளோ எழுதி, இவ்ளோ வரஞ்சி, கடைசீல இவங்களுக்குத்தான் இல்லியா" என்றார். குத்தலாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. "பரவால்லமா, எங்களுக்கு சக்கர" என்று சௌக்கத் அலி மறுபடியும் ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு பாய்" என்றாள் ராஜாத்தி. அவள் முகம் வேர்த்திருந்தது. ஜெயவேலைப் பார்த்து, "அந்த வரிய நீ இன்னான்னு எழுதின?" என்று கேட்டாள்.

"ஏழாம் நம்பர் கேங்."

"பேருங்க?"

ஜெயவேல் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். முந்நூற்று இருபத்தைந்து பேரைத் தனித்தனியாக எழுதியவன், தினமும் பக்கத்தில் நிற்கிற பதின்மூன்று பேரை ஒன்று என்று எழுதியிருந்தான். தன் பெயரை எங்குமே எழுதவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த வரிக்குள் தானும் இருப்பதாகவே நினைத்துவிட்டிருந்தான். "யார்டு கணக்குல எழுதிட்டம்மே" என்றான் மெதுவாக. "நீ கலக்கச் சொல்லோ யார நென்ச்ச?"

"யார நெனைக்கிறது. உனுக்குக் கால் பெசகுன அன்னிக்கு நா கேட்டாண்ட வந்தேனே. பதினாலு பேரும் மாவுல பொரண்ட மாரி ஒர்த்தர ஒர்த்தர் புடிச்சிகினு வந்தீங்கோ. எது நீ, எது பாய்னு எனக்குத் தெரியல. ஒரே ஆளு மாரி இருந்துச்சி. அதத்தான் நென்ச்சேன்."

ஜெயவேல் மேசையருகே போய், தட்டின் விளிம்புக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தான். அவன் கணக்குப் பார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குவது கேங்குக்குத் தெரியும். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"எழுநூறு" என்றான்.

அம்பது கிலோ மூட்டை பதினாலு என்பது எந்தக் கேங்குக்கும் வாய்ப்பாடு. பதின்மூன்று பேரும் லுங்கியை ஏற்றிக் கட்டி, தங்கள் தங்கள் இடத்தில் மேசையைச் சுற்றி நின்றார்கள். பத்து இஞ்ச் தட்டைச் சுற்றிப் பதின்மூன்று ஆள் நிற்க எப்படி இடம் வந்தது என்று கேட்டால், வந்தது என்றுதான் அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள். பின்பக்கம் இடது மூலை காலியாக இருந்தது. ஜெயவேல் புதுச்சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு அங்கே போய் நின்றான். தூக்குவதற்கு முன் வழக்கம்போல ஒரு நொடி நின்று பார்த்தான். அதன்மேல் படிக்க எதுவும் எழுதியிருக்கவில்லை.

"இன்னா மாமு, படிச்சி முட்ச்சிட்டியா?" என்று கேங்கில் ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"புடி" என்றார் சௌக்கத் அலி. "ஏத்து."

ஏறியது. மேசையிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து தோளுக்கு, பதினாலு பேரும் ஒரே மூச்சில். ராயபுரம் மண்டபத்தில், மாதவரத்துச் சம்பந்திகள் அத்தனை பேரும் பார்க்க, ஏழாம் நம்பர் கேங் ஒரு கேக்கைத் தோளில் தாங்கி நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது, முழங்கால் நடுங்கவில்லை. எழுநூறு கிலோவைத் தூக்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று அவர்களின் பெண்டு பிள்ளைகள்கூட அதற்குமுன் பார்த்ததில்லை. மகிழினி மணமேடையிலிருந்து இறங்கி வந்து, மாலையோடு, "என் நைனா, அந்த மூலைல இருக்கறவரு" என்று பீம்ராவிடம் காட்டினாள். பீம்ராவ் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்று பார்த்தான்.

தோளில் இருந்தபடியே தட்டில் கோடு விழுந்தது. ராஜாத்தி நாற்காலிமேல் ஏறி நின்று எண்ணினாள். பதினாலு. எண்ணி முடித்ததும் எடை போய்விட்டது. அவர்கள் கையில் சாதாரணக் கேக் ஒன்று இருந்தது, ஒவ்வொருவருக்கும் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய துண்டாக. நின்றபடியே சாப்பிட்டார்கள். சௌக்கத் அலி விரலில் ஒட்டிய க்ரீமைக்கூட விடவில்லை. ஜெயவேல் தன் துண்டை வாயில் போட்டபோது ராஜாத்தி நாற்காலியிலிருந்து இறங்காமல், "எப்டி கீது?" என்று கேட்டாள். அவன் வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினான். டில்லிபாபு கடைசி வரிசை நாற்காலிகளைத் தன் கையாலேயே தூக்கிவந்து முன்னால் போட்டு, கேங்கை உட்காரவைத்து, பிரியாணியைத் தானே பரிமாறினார். சாப்பிட்டு முடித்துப் பதினாலு பேரும் கை கழுவினார்கள். யார் கையும் வெறுங்கையாகப் போகவில்லை.

மொசைக் தரையில் மேசைக்கால் இறங்கிய நாலு குழியும் அரையடி ஆழத்துக்கு அப்படியே இருக்கின்றன. மண்டபத்துக்காரர் முதலில் பூச நினைத்தார். பிறகு விட்டுவிட்டார். அடுத்த முகூர்த்தத்திலிருந்து வாழைமரம் நட அதுதான் வசதியாக இருக்கிறது.